பாதி மனிதன், பாதி இரத்தக் காட்டேரி!

நிலவு காயும் இரவு. பண்ணை வீட்டுப் பெண் டோரிஸ், தன் நிலத்துக்குள் புகுந்த விலங்கொன்றைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். துரத்தியவள், அந்த விலங்கைவிடக் கொடிய ஒன்றிடம் அகப்பட்டுக் கொள்கிறாள். நெடிய உருவம் ஒன்று அவள் முன் நிற்கிறது. அதன் பிறகு அவள் கழுத்தில் இரண்டு சிறிய பற்குறிகள்! இன்னும் சில நாட்களில் அவளும் இரத்தக் காட்டேரியாக மாறிவிடக் கூடும். அவளைக் காப்பாற்ற ஒருவன் குதிரையில் வருகிறான். அகன்ற தொப்பி, முதுகில் நீண்ட வாள், வெளிறிய முகம். அவன் பெயர் ஒரே ஓர் எழுத்துதான்: 'டி'.

1985ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'வாம்பயர் ஹண்டர் டி' என்னும் சித்திரத் திரைப்படத்தின் தொடக்கம் இது. ஹிடெயுகி கிகுசி என்ற எழுத்தாளர் 1983இல் எழுதிய நாவலை டோயோ அஷிடா படமாக இயக்கினார். 2000ஆம் ஆண்டில் யோஷியாகி கவாஜிரி என்ற மற்றோர் இயக்குநர் இதே வீரனை வைத்து இன்னொரு படம் எடுத்தார். 'அனிமே' என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களில், திகில் கதைகளுக்கு இவை இரண்டும் சிறந்த எடுத்துக்காட்டுகள்.

கதை நடப்பது கி.பி. 12,090இல். உலகை இரத்தக் காட்டேரிப் பிரபுக்கள் ஆண்டு வருகின்றனர். ஆனால் அவர்களுடைய காலம் முடிந்து கொண்டிருக்கிறது. அவர்களை வேட்டையாடும் 'டி' யார் தெரியுமா? அவனுடைய தந்தை ஓர் இரத்தக் காட்டேரி. தாய் ஒரு மனிதப் பெண்! தந்தையின் வலிமையும் அவனிடம் உண்டு, தாயின் இரக்கமும் உண்டு. இரண்டு கூட்டமும் அவனைத் தன்னவன் என்று ஏற்றுக் கொள்வதில்லை.

'இதெல்லாம் வெறும் கற்பனைதானே, இதில் விஞ்ஞானத்துக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். கற்பனைதான். ஆனால் கூர்ந்து பார்த்தால் இந்தக் கதைக்குள் ஓர் உயிரியல் புதிர் ஒளிந்திருக்கிறது. டோரிசுக்குக் கடியினால் காட்டேரித் தன்மை வருகிறது. அப்படியானால் அது தொற்றுநோய். 'டி'க்கோ அது பிறப்பிலேயே தந்தையிடமிருந்து வந்தது. அப்படியானால் அது பரம்பரைப் பண்பு. தொற்றா, பரம்பரையா? ஒரே பண்பு இரண்டு வழியிலும் வர முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்படுவோம்.

கல்லறையில் பிறந்த கதை

முதலில், இரத்தக் காட்டேரி என்ற எண்ணம் எங்கே பிறந்தது?

ஜப்பானில் அன்று. அங்கே பேய், பூதக் கதைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து இரத்தம் குடிக்கும் பிணம் ஐரோப்பாவிலிருந்து கதைகளின் வழியாகவும் திரைப்படங்களின் வழியாகவும் அங்கே இறக்குமதியானது. அதன் தாயகம் பால்கன் பகுதியும் அதைச் சுற்றியுள்ள கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் ஆகும். 1725ஆம் ஆண்டிலும் 1731-32ஆம் ஆண்டுகளிலும் செர்பியச் சிற்றூர்களில் மக்கள் அடுத்தடுத்து இறந்தனர். முன்பு இறந்து புதைக்கப்பட்டவர்களே எழுந்து வந்து கொல்வதாக ஊரார் அஞ்சினர். அப்பகுதி அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. 1732இல் ஆஸ்திரிய இராணுவ மருத்துவர்கள் முன்னிலையில் கல்லறைகள் திறக்கப்பட்டன. உள்ளே கண்டதை அவர்கள் உள்ளபடியே எழுதி வைத்தனர்.

அவர்கள் கண்டது என்ன? சில உடல்கள் அழுகாமல் இருந்தன. மெலிந்தவர்கள் கொழுத்திருந்தனர். வாயோரம் இரத்தம். பழைய தோலும் நகங்களும் கழன்று, அடியில் புதிய தோல் போன்ற ஒன்று தெரிந்தது. மார்பில் கழியை இறக்கியபோது சில உடல்கள் முனகியதாகவும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

அந்த மருத்துவர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் கண்டது உண்மை. அதற்குக் கூறிய காரணம்தான் தவறு. இன்றைய தடய மருத்துவம் இவை ஒவ்வொன்றையும் விளக்குகிறது.

உயிர் பிரிந்ததும் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உடலைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அப்போது உண்டாகும் வாயுக்கள் உடலை ஊதச் செய்கின்றன. இதுதான் 'கொழுத்த' தோற்றம். வாயுவின் அழுத்தத்தால் நுரையீரலில் சேர்ந்த செந்நிற நீர்மம் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியேறுகிறது. அதுதான் 'குடித்த இரத்தம்'. மேல்தோல் கழன்றால் அடியில் உள்ள தோல் பளபளவென்று தெரியும். மார்பில் கழியை இறக்கும்போது உள்ளே அடைபட்ட வாயு குரல்வளை வழியே பீறிட்டு வருகிறது. முனகல் ஒலி கேட்கிறது. அழுகாமை? ஓர் உடல் திறந்த வெளியில் ஒரு வாரத்தில் அடையும் சிதைவை, மண்ணுக்கடியில் அடைய ஏறத்தாழ 8 வாரங்கள் ஆகும் என்பது பழைய தடய மருத்துவக் கணக்கு. ஆழமும் குளிரும் கூடினால் இன்னும் தாமதமாகும்.

1755இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா தம் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் இதுபற்றி ஆராயச் சொன்னார். இவை இயற்கை நிகழ்ச்சிகளே என்று அவர் அறிவித்தார். உடனே பேரரசி கல்லறைகளைத் தோண்டுவதையும் பிணங்களைச் சிதைப்பதையும் தடை செய்தார். ஒரு மூடநம்பிக்கைக்கு எதிராக விஞ்ஞானத்தின் துணையோடு அரசு எடுத்த நடவடிக்கை இது.

ஃபுயுமி ஓனோ என்ற ஜப்பானிய எழுத்தாளர், 1998இல் எழுதிய 'ஷிகி' என்ற நாவலில், இந்தப் பழைய ஐரோப்பிய அச்சத்தை ஜப்பானிய மலைக் கிராமம் ஒன்றில் கொண்டு வந்து வைத்தார். 2010இல் இது சித்திரத் தொடராகவும் வந்தது. இன்றைய ஜப்பானில் இறந்தவர்களில் 100க்கு 99 பேருக்கு மேல் எரியூட்டப்படுகின்றனர். எரிந்த உடல் எப்படி எழுந்து வரும்? எனவேதான் ஆசிரியர், இன்னும் புதைக்கும் வழக்கத்தைக் கைவிடாத ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொண்டார். அடுத்தடுத்து நிகழும் சாவுகளைக் கண்ட அவ்வூர் மருத்துவர், இது ஏதோ கொள்ளை நோய் என்றே முதலில் எண்ணுகிறார். நோயாளிகளின் இரத்தசோகையை ஆராய்கிறார். எந்த நல்ல மருத்துவரும் அப்படித்தானே தொடங்குவார்?

தொற்று என்று கொண்டால்...

சரி, காட்டேரித் தன்மை தொற்றுநோய் என்றே வைத்துக் கொள்வோம். கடிபட்டவர் எல்லாம் காட்டேரி ஆவார். அவர் மற்றவரைக் கடிப்பார். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள்.

உலகில் ஒரே ஒரு காட்டேரி இருக்கிறது. ஒவ்வொரு காட்டேரியும் மாதத்துக்கு ஒருவரை மட்டும் கடிக்கிறது. முதல் மாத முடிவில் 2 காட்டேரிகள். அடுத்த மாதம் 4. பிறகு 8, 16, 32... சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி வைத்த கதை நினைவுக்கு வருகிறதா? 10 மாதங்களில் 1,024. 20 மாதங்களில் 10 லட்சத்துக்கு மேல். 30 மாதங்களில் 107 கோடி. 33ஆம் மாதம் 859 கோடி! உலக மக்கள் தொகை 2022இல்தான் 800 கோடியை எட்டியது. ஆக மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கடிபட ஒரு மனிதரும் எஞ்சமாட்டார். உணவின்றிக் காட்டேரிகளும் மாண்டுவிடும். இந்தக் கதைகளில் வரும் பிரபுக்களின் கூட்டம் தேய்ந்து கொண்டே போவதில் வியப்பில்லை!

இரத்தத்தை மட்டும் உண்டு வாழ முடியுமா? முடியும், ஆனால் எளிதன்று. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை வாழும் மூன்று வகை இரத்த வௌவால்கள் அப்படித்தான் வாழ்கின்றன. (கதை முந்தியது, பெயர் பிந்தியது. ஐரோப்பியர் தம் கதைப் பேயின் பெயரைத்தான் அமெரிக்கக் கண்டத்து வௌவாலுக்கு வைத்தனர்.) இவை படங்களில் காட்டுவது போல உறிஞ்சுவதில்லை. கூரிய முன்பற்களால் சிறு காயம் உண்டாக்கி, வழியும் இரத்தத்தை நக்கிக் குடிக்கின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் புரதம் ஒன்று அவற்றின் உமிழ்நீரில் உள்ளது. விஞ்ஞானிகள் அதற்கு 'டிராகுலின்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டுள்ளனர்.

மனித அளவுள்ள ஓர் உயிர் இப்படி வாழ முயன்றால் என்ன ஆகும்? இரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஒரு லிட்டர் இரத்தத்தில் உள்ள புரதம் சுமார் 200 கிராம். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 800 கலோரி. நாளொன்றுக்கு 2,400 கலோரி வேண்டுமானால் 3 லிட்டர் இரத்தம் குடிக்க வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ளதே 5 லிட்டர்தான். அது மட்டுமா? ஒரு லிட்டர் இரத்தத்தில் சுமார் அரை கிராம் இரும்பு இருக்கிறது. நம் உடல் முழுவதிலும் உள்ள இரும்பே 3 அல்லது 4 கிராம்தான். மூன்று நாள் உணவிலேயே அவ்வளவு இரும்பும் உள்ளே போய்விடும்! அளவுக்கு மிஞ்சிய இரும்பு கல்லீரலுக்கும் இதயத்துக்கும் நஞ்சு. இரத்த வௌவாலின் உடல் இந்த இரும்பைச் சமாளிக்கும் வகையில் பரிணாமத்தில் மாறியுள்ளது. நம் உடல் மாறவில்லை.

கடியினால் பரவி, கடிபட்டவரின் நடத்தையையே மாற்றும் நோய் உண்மையில் ஒன்று உண்டு. அது வெறிநோய். அதன் வைரஸ் உமிழ்நீரில் இருக்கிறது. நரம்புகள் வழியாக மூளையை அடைகிறது. இரத்த வௌவால்களும் அதைப் பரப்புகின்றன. ஐரோப்பியக் காட்டேரிக் கதைகளில் இந்நோயின் சாயல் இருக்கலாம் என்று கருதும் மருத்துவர்களும் உள்ளனர். ஆனால் 1885இல் லூயி பாஸ்டர் தடுப்பூசியைக் கொடுத்துவிட்ட பின் இதற்கு வாள் வீரன் தேவையில்லை. நாயோ வேறு விலங்கோ கடித்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்தப் பாடம் கதையைவிட முக்கியமானது.

பரம்பரை என்று கொண்டால்...

இனி 'டி'யின் வழிக்கு வருவோம். காட்டேரிக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவனைப் பால்கன் மக்கள் 'தாம்பிர்' என்று அழைத்தனர். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத காட்டேரி அவன் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பினர். அவனைக் கூலி கொடுத்து அழைத்து வந்து காட்டேரியை விரட்டச் செய்த ஊர்களும் உண்டு. 'டி' அந்த மரபில் வந்தவன்.

ஜப்பானியர் இவனை உடனே ஏற்றுக் கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பாதி மனிதர் அவர்களுக்குப் புதியவர் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபே நோ செய்மெய் என்ற புகழ்பெற்ற சோதிடருக்குத் தாய் ஒரு பெண் நரி என்பது அந்நாட்டுப் பழங்கதை. மனிதருக்கும் பூதத்துக்கும் பிறந்தவரைக் குறிக்க 'ஹன்யோ' என்ற சொல்லே உண்டு. ஷிகேரு மிசுகியின் கதையைத் தழுவி 1968இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கிடாரோ' சித்திரத் தொடரில் வரும் எலி மனிதன் இப்படிப்பட்டவன். பிற்காலத்து 'இனுயாஷா' கதையின் நாயகனும் அப்படியே. ஐரோப்பாவிலிருந்து வந்த காட்டேரி, ஜப்பானில் முன்பே இருந்த பாதி மனிதனோடு கைகோத்துக் கொண்டது.

'பாதி' என்பதற்கு மரபியலில் பொருள் உண்டா? உண்டு. நம் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் 23 தாயிடமிருந்து, 23 தந்தையிடமிருந்து வந்தவை. ஆனால் இரு பண்புகள் சேர்ந்தால் எப்போதும் நடுத்தரமான பண்பு கிடைக்கும் என்பதில்லை. மெண்டல் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தபோது கிடைத்தவை எல்லாம் நெட்டை. பாதி நெட்டை ஒன்றுகூட இல்லை. மாறாக, அந்திமந்தாரையில் சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூக்கள் கிடைக்கின்றன. இங்கே எந்தப் பண்பும் முழு ஆதிக்கம் பெறவில்லை. 'டி' இந்த அந்திமந்தாரையைப் போன்றவன். காட்டேரியைப் போல அவன் வெயிலில் சாம்பலாவதில்லை. மனிதனைப் போல வெயிலை முழுவதும் தாங்குவதும் இல்லை. 2000ஆம் ஆண்டுப் படத்தில் அவன் வெயில் தாக்கி வீழ்ந்து, மண்ணுக்குள் புதைந்து கிடந்தே தேற வேண்டியிருக்கிறது.

காட்டேரி வேறோர் உயிரினம் என்று கொண்டால் இன்னொரு கேள்வி எழுகிறது. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அது உழைப்பில் பெற்றோரை மிஞ்சும். ஆனால் ஒற்றைப்படையாக நிற்கும் குரோமோசோம்கள் சரியாக இணை சேர முடியாததால், அதற்குப் பெரும்பாலும் குட்டி பிறப்பதில்லை. வலிமை மிகுந்தவனாகவும் தனியனாகவும் திரியும் 'டி'யைப் பார்க்கும்போது, கோவேறு கழுதையின் நினைவு வந்தால் அந்த வீரன் கோபித்துக் கொள்ள மாட்டான் என்று நம்புவோம்!

ஆனால் எல்லாக் கலப்பும் மலடாவதில்லை. சைபீரியாவில் டெனிசோவா என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டின் டி.என்.ஏ.வை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2018இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறுமியின் எலும்பு அது. அவளுடைய தாய் நியாண்டர்தால் இனத்தவள். தந்தை டெனிசோவன் இனத்தவன். வெவ்வேறு இரு மனித இனங்களுக்குப் பிறந்த நேர்க் குழந்தை! கதையில் அன்று, உண்மையிலேயே வாழ்ந்தவள்.

அந்த இனங்கள் மறைந்துவிட்டன. ஆனால் முழுவதும் மறையவில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் டி.என்.ஏ.வில், நம்முடையது உட்பட, ஏறத்தாழ 100இல் 2 பங்கு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. அவர்களுடைய மரபுத் தொகுதியை முதன்முதலில் படித்தறிந்த ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

புதிருக்கு விடை

தொற்றா, பரம்பரையா என்று கேட்டோமே, விடை என்ன? விந்தை என்னவென்றால், தொற்றே பரம்பரை ஆவதும் உண்டு!

ரெட்ரோவைரஸ் என்ற வகை வைரஸ்கள் தாம் புகுந்த உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தம்மை எழுதிக் கொள்கின்றன. சாதாரணமாக அந்த உயிரணுவோடு அது முடிந்துவிடும. எப்போதோ ஒருமுறை இந்த வைரஸ், விந்தணுவையோ கருமுட்டையையோ உண்டாக்கும் உயிரணுவில் புகுந்துவிட்டால்? பிறக்கும் குழந்தையின் ஒவ்வோர் உயிரணுவிலும் அது இருக்கும். பிறகு அந்தக் குழந்தையின் குழந்தைகளுக்கும் செல்லும். தொற்றாக வந்தது பரம்பரையாகிவிட்டது! ஆஸ்திரேலியாவின் கோவாலாக்களிடம் இந்த மாற்றம் நம் காலத்திலேயே நடந்து கொண்டிருக்கிறது.

நம்மிடம் இது எப்போதோ நடந்துவிட்டது. மனித டி.என்.ஏ.வில் 100க்கு 8 பங்கு இத்தகைய பழைய வைரஸ்களின் எச்சம் என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றில் பெரும்பகுதி செயலற்றுக் கிடக்கிறது. ஆனால் ஒன்று மிக அருமையான வேலை செய்கிறது. தாயின் வயிற்றில் குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் தருவது நஞ்சுக்கொடித் திசு. அது உருவாக உதவும் 'சின்சிட்டின்' என்ற புரதம் ஒரு பழைய வைரசின் மரபணுவிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. நம் முன்னோரைத் தாக்கிய ஒரு கிருமியின் மரபணு, இன்று நாம் பிறக்கத் துணை செய்கிறது!

ஆகவே 'டி'யின் கதையை எழுதியவர் தொற்றையும் பரம்பரையையும் குழப்பிவிட்டார் என்று நாம் அவசரப்பட்டுக் குறை கூற வேண்டியதில்லை. ஒரே கடியில் அது நடக்காது. பல தலைமுறைகளில் நடக்கும்.

அறியாமை கடித்தால்

கதையைக் கதையாகப் பார்ப்பதில் தீங்கில்லை. அதை உண்மை என்று நம்பியபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு சோக நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்சிட்டர் என்ற ஊரில் ஒரு குடும்பம். தாய் இறந்தார், மூத்த மகள் இறந்தாள், 1892 ஜனவரியில் 19 வயது மகள் மெர்சி பிரவுனும் இறந்தாள். மகன் எட்வின் படுக்கையில் கிடந்தான். இறந்தவர்களில் ஒருவர்தான் எட்வினின் உயிரைக் குடிக்கிறார் என்று ஊரார் முடிவு கட்டினர். மார்ச் மாதத்தில் மூவரின் உடல்களையும் எடுத்துப் பார்த்தனர். கடுங்குளிரில் இரண்டே மாதங்கள் வைக்கப்பட்டிருந்த மெர்சியின் உடல் கெடாமல் இருந்தது. அவளுடைய இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதங்களில் அவனும் இறந்தான்.

அந்தக் குடும்பத்தை அழித்தது காசநோய். அதன் கிருமியை இராபர்ட் கோச் 1882இலேயே, அதாவது பத்து ஆண்டுகளுக்கு முன்பே, கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். செய்தி அந்த ஊர் மக்களின் மனத்தைப் போய்ச் சேரவில்லை.

விஞ்ஞானத்தின் பெயராலும் இத்தகைய தவறு நேர்ந்ததுண்டு. 1985இல், அதாவது 'டி'யின் முதற்படம் வெளியான அதே ஆண்டில், வேதியியல் அறிஞர் ஒருவர் ஒரு கருத்தை வெளியிட்டார். பழங்காலத்துக் காட்டேரிகள் உண்மையில் 'போர்ஃபிரியா' என்ற நோய் உள்ளவர்களாக இருக்கலாம் என்றார். ஹீமோகுளோபினின் செந்நிறப் பகுதியான 'ஹீம்' உருவாவதில் ஏற்படும் பரம்பரைக் குறை அது. அந்நோயின் சில வகைகளில் வெயில் பட்டால் தோல் புண்ணாகும். பத்திரிகைகள் இதைப் பரபரப்பாக வெளியிட்டன.

இக்கருத்து ஏன் தவறு? நீங்களே சிந்தித்துப் பாருங்கள். செர்பியக் கல்லறைகளில் கண்ட 'காட்டேரி' வெளிறி மெலிந்தவன் அல்லன், உப்பிச் சிவந்தவன். வெயிலில் சாம்பலாகும் காட்டேரியைப் படைத்தது 1922இல் வந்த 'நாஸ்பெராட்டு' என்ற ஜெர்மன் ஊமைப்படம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். ஒரு திரைப்படக் கற்பனைக்கு நோயாளிகளைக் காரணமாகக் காட்டினால் அது விஞ்ஞானமாகுமா? மேலும், குடித்த இரத்தத்தால் இந்நோய் குணமாகாது. ஆனால் ஏற்கெனவே துன்பப்பட்டுக் கொண்டிருந்த நோயாளிகள், 'காட்டேரி' என்ற பட்டப்பெயரையும் சுமக்க நேர்ந்தது.

லமிகாவின் பிழை

மீண்டும் படத்துக்கு வருவோம். டோரிசைக் கடித்த லீ பிரபுவுக்கு லமிகா என்று ஒரு மகள் இருக்கிறாள். தூய பிரபு குலத்தில் பிறந்தவள் என்ற செருக்கு அவளுக்கு. ஒரு மனிதப் பெண் தன் தந்தைக்கு மனைவியாக வருவதா என்று குமுறுகிறாள். பாதி இரத்தக்காரன் என்று 'டி'யை இகழ்கிறாள். கடைசியில் உண்மை வெளிப்படுகிறது. அவளுடைய தாயும் ஒரு மனிதப் பெண்தான்! அவளும் 'டி'யைப் போலப் பாதி மனிதப் பிறவிதான். மனிதரோடு வாழலாம் வா என்று 'டி' அழைக்கிறான். அவள் வர மறுத்து, இடிந்து விழும் கோட்டைக்குள் தந்தையோடு மாண்டு போகிறாள். தூய இரத்தம் என்ற ஓர் எண்ணத்துக்காக உயிரையே விடுகிறாள்.

நியாண்டர்தாலின் பங்கையும் பழைய வைரஸ்களின் எச்சத்தையும் உயிரணுதோறும் சுமந்திருக்கும் நம்மில், கலப்பே இல்லாத 'தூய' இரத்தம் யாருக்கு உண்டு? இந்தக் கேள்வியை லமிகாவிடம் கேட்க ஓர் உயிரியல் ஆசிரியர் அந்தக் கோட்டையில் இல்லாமல் போனார்!

அடுத்த முறை இத்தகைய திகில் படம் ஒன்றைப் பார்க்கும்போது தாராளமாகப் பயந்து மகிழுங்கள். விளக்குகள் எரியத் தொடங்கியதும் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இதில் மனிதர் உண்மையில் கண்டது எது? அதற்கு அவர்கள் கற்பித்துக் கொண்ட காரணம் எது? இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவரை எந்தக் காட்டேரியும் நெருங்காது.